மூன்று டயர்களைக் காணவில்லை

"தூக்கு வேண்டாம். தூக்குன்னா சட்டுனு முடிஞ்சிடும்," என்றார் நர்ஸ் அக்கா. "அவனுக்கு மூச்சு முட்டணும். எந்தம்பி தண்ணிக்குள்ள எப்படித் தவிச்சானோ, அப்படித் தவிக்கணும்."

சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் காபியை நீட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பழகிய கை. நான் காபியை வாங்கிக்கொண்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தேன். கத்திக் கோபப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படி நிதானமாகக் கோபப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

என் அண்ணிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. துப்பறிவது அண்ணியின் தொழில். அண்ணிக்கு வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, தேவையில்லாத இடத்தில் வாயைத் திறந்து திட்டு வாங்குவது எல்லாம் என் தொழில். என் அண்ணன் மட்டும் தப்பித்து ஒரு பேங்கில் உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

"இன்னைக்கு மத்தியானம் துறைமுக ஆபீஸ்ல விசாரணை. நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் அண்ணி.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கேப்டன் ஸ்கூபா படகு வச்சிருக்கான். எந்தம்பி அவன்கிட்ட கைடு. டூரிஸ்டுங்களைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போய்க் காட்டறது அவன் வேலை. படகுத்துறை முனையில ஒரு கம்பம் இருக்கு. கடல் நல்லா இருந்தா கொடிக்காரர் பச்சை ஏத்துவார், மோசமா இருந்தா சிவப்பு. சிவப்புன்னா எந்தப் படகும் போகக் கூடாது. அன்னைக்கு அவர் சிவப்புதான் ஏத்தினார். இந்தப் படுபாவி மதிக்காமப் படகை எடுத்தான். பாறைக் குகைக்குள்ள போன எந்தம்பியை அலை தூக்கி அடிச்சிருக்கு. வாயில இருந்த காத்துக் குழாய் பிடுங்கிக்கிச்சு. அப்புறம் என்ன, அவ்வளவுதான்."

"கேப்டன் பச்சைன்னு சொல்றாரே?"

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இதே பாட்டைத்தான் பாடினான்! கொடிக்காரருக்கு ஒரே பொண்ணு. அதைக் கூட்டிட்டுப் போய் அதே குகையில பறிகொடுத்துட்டு வந்து நின்னான். அப்பவும் அவர் சிவப்புன்னார், இவன் பச்சைன்னான். சாட்சி இல்லைன்னு விட்டுட்டாங்க. விட்டதுக்கு இப்ப எந்தம்பியைத் தின்னுட்டான். எந்தம்பி சாவுக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கதறினது அந்தக் கொடிக்காரர் ஒருத்தர்தான். இன்னைக்கு அவர் சாட்சி சொல்லப்போறார். அவர் சொல்றதுதான் நிஜம்னு நிரூபிக்க ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

எனக்கு அந்தக் கேப்டனை நேரில் பார்க்காமலே பிடிக்காமல் போய்விட்டது.

பால்கனியில் தம்பியின் ரப்பர் உடுப்பும் இடுப்புப் பட்டையும் தொங்கின. போலீஸ் உடம்பிலிருந்து கழற்றி அப்படியே பையில் போட்டுக் கொடுத்தவை. பட்டையில் கோத்திருந்த ஈயக்கட்டிகளை அண்ணி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"எடை இல்லாம ஆளு அடியில நிக்க முடியாதாம். சும்மா நாள்ல நாலு கட்டுவான். கடல் ஆட்டமா இருந்தா ஆறு. அப்பதான் அலை இழுக்காதாம். ஆறு கட்டின அன்னைக்கெல்லாம் வந்து இடுப்பு போச்சு இடுப்பு போச்சுன்னு ஒரே புலம்பல். நான்தான் தைலம் தேய்ச்சு விடுவேன்." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணி பட்டையைப் பழையபடி மாட்டிவிட்டுத் திரும்பினார். "வாங்க கொழுந்தனாரே, கேப்டனைப் பார்ப்போம்," என்றார்.

கேப்டனின் கடை முழுக்க ஈர ரப்பர் நாற்றம். சுவரோரம் காற்று சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. நடுவே அவன், காதில் பஞ்சோடு. நான்கு நாள் தாடி.

"யார் அனுப்பினாங்கன்னு தெரியும். என்னைத் தொங்க விடறதுக்குக் கயிறு தேடி வந்திருக்கீங்க," என்றான்.

"கயிறு எங்ககிட்டயே இருக்கு. நீங்க கழுத்து அளவு மட்டும் சொன்னாப் போதும்," என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார். செருப்பில் ஹீல்ஸ் வேறு.

"கொடி பச்சைதாங்க," என்றான் கேப்டன். "எத்தனை தடவை சொல்றது? மீன்பிடித் தடைக்காலம், துறையில எங்களைத் தவிரக் கொடியைப் பார்க்க ஆளில்ல. கடல் கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. ஒரு நுரை கிடையாது, காத்து கிடையாது. அன்னைக்கு நான்தான் குகைக்குள்ள இறங்கறதா இருந்தது. டூரிஸ்டுங்களை விடறதுக்கு முன்னாடி குகைக்குள்ள எப்பவும் நான்தான் தனியா போய்ப் பார்ப்பேன், ஊருக்கே தெரியும். போற வழியில எனக்குக் காது அடைச்சிக்கிச்சு. காது அடைச்சா இறங்கக் கூடாது, செவிப்பறை கிழிஞ்சிடும். அதனால பையன் இறங்கறேன்னான். முறைப்படி ரேடியோவுல கொடிக்காரருக்கும் சொன்னேன். எனக்குக் காது அடைப்பு, எனக்குப் பதிலா பையன் போறான்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"உடனே ஒண்ணும் சொல்லல. லைன் போயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் 'சரி'ன்னார். அவ்வளவுதான்."

"ரேடியோவுல பேசினதுக்குச் சாட்சி?"

"செத்துப் போனவன்தான் பக்கத்துல நின்னான்."

"நல்ல வசதி," என்றேன் நான். "படகுல வந்த டூரிஸ்ட் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சிவப்புக் கொடியைப் பார்த்தோம்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்களே, அதுக்கு என்ன கதை வச்சிருக்கீங்க?"

அவன் எழுந்து போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு கொடியை விரித்துக் காட்டினான். சிவப்புத் துணி, குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. "இது எம்படகுக் கொடி. ஆளு அடியில இருக்கும்போது ஏத்துவோம், மத்த படகு கிட்ட வரக்கூடாதுன்னு. அவங்க பார்த்தது இதை. முதல் தடவை வர்றவங்களுக்குக் கம்பத்துக் கொடி எது, படகுக் கொடி எதுன்னு என்ன தெரியும்? விளக்கம் சொன்னா யார் கேக்கறாங்க? நான்தான் பொய்யன்னு முத்திரை குத்தியாச்சே."

"சும்மாவா குத்தினாங்க?" என்றேன்.

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்ததும், "மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு அண்ணி. பையனைச் சாகக் கொடுத்துட்டுக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நாடகம் போடறான்," என்றேன்.

"காது நிஜமாவே வீங்கியிருக்கு. பார்க்கலையா?"

"நான் கழுத்தைத்தான் பார்த்தேன்."

படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு காபிக் கடை. கடைக்கார அம்மாவிடம் இரண்டு காபி சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினேன். பெஞ்சு, நாற்காலி ஒன்றும் காணோம்.

"எங்கம்மா உட்கார்றது?"

"கொடிக்காரர் மடியில போய் உட்காருங்க!" என்று சீறினார் அவர். "மூணு பெரிய டயர் போட்டு வச்சிருந்தேன், வர்றவங்க உட்கார. லாரி டயர். அந்த மனுஷன் எடுத்துட்டுப் போனவர்தான். கேட்டா நாளைக்கு நாளைக்குங்கறார். நின்னுக்கிட்டே குடிக்கறவன் ஒரு காபியோட ஓடிடறான். எனக்கு வியாபாரமே படுத்துடுச்சு."

அண்ணி தம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப எடுத்துட்டுப் போனார்?"

"அந்தக் கைடு பையன் செத்தானே, அன்னைக்குத்தான். நான் கடை திறக்கற நேரம், இன்னும் சரியா விடியக்கூட இல்ல. வந்து மூணையும் உருட்டிட்டுப் போய், படகுத்துறைச் சுவத்துக்கும் தன்னோட சின்னப் படகுக்கும் நடுவுல தொங்க விட்டார். கட்டின கயித்தையெல்லாம் நீளமா விட்டு மறுபடி கட்டினார். கடல்ல ஒரு அசைவு கிடையாது. இந்த ஆளுக்கு என்ன கிறுக்கான்னு பின்னாலயே போய்ப் பார்த்துக்கிட்டு நின்னேன். மத்தியானம் பாருங்க, கட்டிப் போட்டிருந்த படகெல்லாம் சுவத்துல மோதி மோதிப் பிளந்துடுச்சு. அவர் படகுக்கு ஒரு கீறல் இல்ல."

"கேப்டன் படகு கிளம்பறதுக்கு முன்னாடியே டயர் கட்டிட்டாரா?"

"ரொம்ப முன்னாடி."

"அன்னைக்குக் கொடி என்ன நிறம்னு பார்த்தீங்களா?"

"கொடி ஏத்தறது விடிஞ்சப்புறம், அப்ப நான் கடைக்குள்ள. எங்கடை ரோட்டைப் பார்த்து இருக்கு. எனக்கென்ன முதுகுலயா கண்ணு?"

அண்ணி கடலைப் பார்த்தபடி எனக்கு விளக்கினார். வெகு தூரத்தில் எங்கேயோ புயல் அடித்தால், அதன் அலை நம் கரைக்கு வந்து சேர ஓரிரு நாள் ஆகுமாம். கூடவே காற்றும் வராது, நுரையும் வராது. மேலே பார்த்தால் கடல் சாதுவாகக் கிடக்கும். அடியில் பாறை இடுக்குக்குள் மட்டும் தண்ணீர் உள்ளே பாய்ந்து வெளியே உறிஞ்சும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது வருவது தெரியும்.

"கேப்டனுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும். பச்சையைப் பார்த்தப்புறம் எவன் நின்னு எண்ணுவான்?"

கடைசி வாக்கியம் என் காதில் விழவே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கொடிக்காரருக்கு விடிவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது! தெரிந்த மனிதர் சிவப்பு ஏற்றாமல் வேறென்ன ஏற்றுவார்? கேப்டன் மாட்டினான். நான் போனை எடுத்து நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, சாட்சி கிடைச்சாச்சு! நேரா படகுத்துறை முனைக்கு வந்துடுங்க."

திரும்பினால் அண்ணி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டீங்க?"

"நல்ல சேதி தானே அண்ணி?"

"கடவுளே!" என்றார் அண்ணி. தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வாங்க. அவங்க வர்றதுக்குள்ள போயிடலாம்."

அதற்குள் போக முடியவில்லை. படகுத்துறையில் பாதி தூரம் போவதற்குள் நர்ஸ் அக்கா வேகவேகமாக வந்து சேர்ந்துகொண்டார். முகத்தில் ஒரு பளபளப்பு. அதைப் பார்த்து அண்ணி நடையைக் கூட்டினார்.

கம்பத்தடியில்தான் கொடிக்காரரின் அறை. ஒரு மேஜை, ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர். சுவரில் மகளின் படம். விசாரணைக்காகச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாம்மா. இன்னைக்கு அவனை விடறதில்ல. நான் பார்த்துக்கறேன்."

"உங்களை நம்பித்தான் இருக்கேன்யா," என்றார் அக்கா.

அண்ணி அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். "உங்களை ஒரே ஒரு விஷயம் கேக்கணும். படகுல ஏறணும்னா எல்லாரும் இந்தக் கம்பத்தடியைத் தாண்டித்தானே போகணும்?"

"ஆமா. வேற வழி கிடையாது."

"கைடு பையனும்?"

"அவனும்தான். எனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போனான்."

"சிவப்புக் கொடிக்குக் கீழ நின்னு உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு, இடுப்புல நாலு ஈயம் மட்டும் கட்டிட்டு இறங்கினானா? கடல் மோசம்னா ஆறு கட்டறவன் அவன். அவனோட அக்கா இதோ நிக்கறாங்க, கேளுங்க. பட்டையை நான் எண்ணிட்டேன். நாலுதான் இருக்கு. உங்க கொடியைப் பார்த்துட்டுத்தான் அவன் நாலு கட்டியிருக்கான்."

நர்ஸ் அக்காவின் முகத்திலிருந்த பளபளப்பு அணைந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட மடையா, காபிக் கடையில் நீ துள்ளிய துள்ளல் என்ன!

"கேப்டன் ஏதாவது சொல்லி ஏமாத்தியிருப்பான்," என்றார் கொடிக்காரர்.

"இருக்கலாம். ஆனா உங்க படகுக்கு மூணு டயர் கட்டியிருக்கீங்களே. விடியறதுக்கு முன்னாடி. அலை வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச மனுஷன் கேப்டன் சிவப்பை மீறிப் போறதைப் பார்த்தா என்ன பண்ணியிருக்கணும்? கேப்டனே ரேடியோவுல கூப்பிட்டிருக்கான். 'திரும்பி வாடா'ன்னு கத்தியிருக்கணும். நீங்க 'சரி'ன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லல. அவன் சொன்னது வேற..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டது அண்ணி இல்லை. நர்ஸ் அக்கா.

அவர் அக்காவைப் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "குகைக்கு எப்பவும் அவன்தாம்மா போவான். அவன்தான் போவான்னு நினைச்சேன். எம்பொண்ணு செத்த அன்னைக்கு நான் சிவப்பு ஏத்தினேன். சிரிச்சிக்கிட்டே படகை எடுத்தான். அப்புறம் பச்சைன்னு சொன்னான், அதையும் எல்லாரும் நம்பினாங்க. ரெண்டு வருஷம் இப்படி ஒரு கடலுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். மேல அமைதி, கீழ எமன். வந்துச்சு. பச்சை ஏத்தினேன்."

"ரேடியோவுல என்ன சொன்னான்?"

"உந்தம்பி இறங்கப் போறான்னு சொன்னான்."

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அந்த மனிதரை இனி அவர் என்பதா அவன் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்னு சொல்லத்தாம்மா பட்டனை அமுக்கினேன். சொன்னா, அப்புறம் ஏன் பச்சை ஏத்தினேன்னு கேப்பாங்களேன்னு... சரின்னு வந்துடுச்சு. எம்பொண்ணுக்காகத்தாம்மா இவ்வளவும்..."

"அந்தப் பொண்ணை உங்க பக்கம் இழுக்காதீங்க," என்றார் நர்ஸ் அக்கா. "அது எந்தம்பி பக்கம் இருக்கு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன வேணும்னாலும் செய்ம்மா. கடல்ல தள்ளு. நானே குதிக்கறேன்."

தள்ளிவிடுவாரோ என்று பயந்து நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அக்கா குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற பிடி.

"சாகறதெல்லாம் உங்களுக்குச் சுலபம். எழுந்திரிங்க. விசாரணைக்கு நேரமாச்சு. போய்க் கொடி பச்சைன்னு சொல்லுங்க. அந்தக் கேப்டனை உங்க வாயாலயே காப்பாத்துங்க."

அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். கடலில் தள்ளுவதாகச் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். "அவனையா? வேற எது வேணும்னாலும் சொல்லும்மா. அவனைக் காப்பாத்தச் சொல்லாத."

"அதைத்தான் செய்யணும்."

துறைமுக ஆபீஸில் விசாரணை தொடங்கிவிட்டிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, ஓரத்தில் ஒரு போலீஸ்காரர், நடுவில் வியர்த்து வழிந்தபடி கேப்டன். அண்ணி கதவைத் தள்ளப் போனார். அக்கா தடுத்தார். மறு கையில் கொடிக்காரரின் மணிக்கட்டு அப்படியே இருந்தது.

"இருங்க. கொஞ்ச நேரம் அவன் வேகட்டும்," என்றார்.

"அக்கா, நிரபராதிக்கா அவன்," என்று கிசுகிசுத்தேன். காலையில் அவன் கழுத்தை அளந்தவன் நான்தான்.

"வேகட்டும்னேன்."

உள்ளே அதிகாரி சலிப்போடு பேசினார். "போன தடவையும் பச்சைன்னீங்க. கொடிக்காரர் போன தடவையும் சிவப்புன்னார். ரெண்டு தடவையும் அவர் பொய் சொல்றார், நீங்க மட்டும் அரிச்சந்திரன். அப்படித்தானே? டூரிஸ்டுங்களும் சிவப்புன்னு சொல்லியிருக்காங்க. நான் உங்களை நம்பறதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

கேப்டன் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினான். குரல் உடைந்துவிட்டது. "சார், போன தடவை சிவப்புதான்! ஒத்துக்கறேன். மீறிப் போனேன், பொய் சொன்னேன், அந்தப் பொண்ணு போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட நான் சிவப்பைத் தாண்டல சார். சத்தியமா இந்தத் தடவை பச்சை!"

அதிகாரியின் பேனா நின்றது. போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடிக்காரரின் தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருடம் அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

நர்ஸ் அக்கா அவர் கையை விட்டார். "கேட்டாச்சா? இப்ப போங்க."

அவர் உள்ளே போனார். கொடி பச்சை என்றார். ஏன் பச்சை என்றும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கேப்டனைப் பார்க்கவே இல்லை. போலீஸ்காரர் அவரைத் தனியறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, போட்டிருந்த இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

கேப்டன் தாழ்வாரத்துக்கு வந்தான். உயிர் திரும்பிய முகம். சற்று முன் தன் வாயால் என்ன சொன்னோம் என்பது இன்னும் அவனுக்கு ஏறவில்லை. நேராக நர்ஸ் அக்காவிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"எம்மேல அவ்வளவு கோபம் இருந்தும் என்னைக் காப்பாத்திட்டீங்க. இந்த உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எந்தம்பி கணக்குல நீ இல்லை. போ," என்றார் அக்கா.

அவன் நகர்ந்தான். பின்னாலேயே அதிகாரி கதவருகே வந்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணின் வழக்கைத் திரும்ப எடுக்கப் போவதாகவும், அவளுக்காக மனுக் கொடுக்க வேறு சொந்தம் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார். அப்பாவைத்தான் இப்போது உள்ளே வைத்தாயிற்றே.

கேப்டனின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"யாரும் இல்லைன்னு நினைக்கிறேன்," என்றார் அண்ணி.

நர்ஸ் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியின் அறையை நோக்கி நடந்தார்.

"இருக்காங்க சார். அக்கான்னு எழுதிக்குங்க."